மறைந்த வீரரின் விடுபட்ட பதக்கங்கள்: அமெரிக்கப் படைப் பதிவைத் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

என் மனைவியின் தாய்வழித் தாத்தா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் காலாட்படை வீரர். ஐரோப்பாவில் போரிட்டு, 1945-இன் இறுதியில் வீடு திரும்பினார். அதன்பின் போரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. அவர் மறைந்த பிறகு மேசை இழுப்பறையில் ஒரு பேட்ஜ் கிடைத்தது. நீலப் பட்டையின் நடுவே பழங்காலத் துப்பாக்கி, சுற்றிலும் இலை வளையம். பதக்கம் ஒன்றுகூட இல்லை. அவருடைய தோளில் இருந்த தழும்பைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் படையிலிருந்து விடுவித்தபோது தந்த சான்றில், போரில் பட்ட காயங்கள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

அந்த ஒரு சொல்லை மாற்ற எங்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதில் பாதிக் காலம் தவறான கதவைத் தட்டியதில் போயிற்று. வேறொரு குடும்பம் அந்தக் காலத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். போரில் பட்டவனின் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் பொறித்து நட்ட மரபில் வந்தவர்கள் நாம். இந்த வேலையின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் கையில் உள்ள தாளைப் படியுங்கள்

எல்லாம் விடுவிப்புச் சான்றிலிருந்துதான் தொடங்குகிறது. 1950 முதல் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக வந்தது ‘டிடி 214’ என்ற படிவம். அதற்கு முன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தரைப்படையின் சாதாரண வீரர்களுக்குத் தரப்பட்டது ‘53-55’ என்ற எண் கொண்ட படிவம். கடற்படைக்கும் மரைன் படைக்கும் தனித்தனிப் படிவங்கள் இருந்தன.

53-55 படிவத்தில் நான்கு கட்டங்களை ஊன்றிப் பார்க்க வேண்டும். 31-ஆம் கட்டத்தில் அவர் பெற்ற தகுதி பேட்ஜுகள் இருக்கும். 32-இல் பங்கேற்ற போர்த்தொடர்கள் (ஒரு பகுதியில் தொடர்ந்து நடந்த போர் நடவடிக்கைகள்), 33-இல் விருதுகள், 34-இல் காயங்கள். வியட்நாம் காலத்து டிடி 214-இல் விருதுகள் 24-ஆம் கட்டத்திலும், 1979-க்குப் பிந்தைய படிவங்களில் 13-ஆம் கட்டத்திலும் வரும். பெயர்களை முதலெழுத்துகளாகச் சுருக்கியே எழுதியிருப்பார்கள். ‘என்டிஎஸ்எம்’ என்றால் நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் பதக்கம், ‘விஎஸ்எம்’ என்றால் வியட்நாம் சர்வீஸ் பதக்கம். விடுபட்டதாக நினைக்கும் பதக்கம் சுருக்கெழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

53-55 படிவத்தின் குறிப்புப் பகுதியில் ஓர் எண்ணும் இருக்கலாம். ‘ஏஎஸ்ஆர் ஸ்கோர்’ என்பார்கள். ஐரோப்பாவில் போர் முடிந்ததும் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வைத்த புள்ளிக் கணக்கு அது. பணியில் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 புள்ளி, கடல் கடந்த ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1, ஒவ்வொரு விருதுக்கும் போர்த்தொடர் நட்சத்திரத்துக்கும் 5, பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு 12 என்று மூன்று குழந்தைகள் வரை. 1945 மே மாதத்தில் 85 புள்ளிகள் இருந்தால் வீடு திரும்பலாம். தாத்தாவின் கணக்கை என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலால் கூட்டிப் பார்த்தார். தாளில் உள்ள விருதுகளை மட்டும் சேர்த்தால், அங்கே எழுதியிருந்த எண்ணைவிட 5 புள்ளிகள் குறைந்தன. அவரிடம் இருந்த காலாட்படை பேட்ஜுக்கு இந்தக் கணக்கில் புள்ளி கிடையாது. அப்படியானால் அவருக்கு இன்னொரு விருது இருந்தது என்று 1945-இல் யாரோ ஓர் எழுத்தர் அறிந்திருந்திருக்கிறார். இது சான்றாக நிற்காது. எங்கே தேட வேண்டும் என்பதை மட்டும் இது காட்டிக் கொடுத்தது.

விடுபட்டது எந்த வகை?

எங்கள் தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. ‘தாத்தாவின் பதக்கங்கள் எல்லாம் வேண்டும்’ என்று ஒரே கடிதம் எழுதினோம். ஒவ்வொரு விருதுக்கும் வழி வேறு, முடிவு செய்யும் அலுவலகம் வேறு, கேட்கும் சான்றும் வேறு. எனவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒவ்வொரு விருதையும் கீழ்க்கண்ட மூன்றில் எதில் சேரும் என்று பிரித்து எழுதுங்கள்.

முதல் வகை, விதிப்படி தாமாகவே சேர வேண்டியவை. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் அல்லது குறிப்பிட்ட படைப்பிரிவில் இருந்தாலே உரியவை. போர்த்தொடர் பதக்கங்களும் படைப்பிரிவு முழுமைக்கும் தரப்பட்ட பாராட்டுகளும் இதில் அடங்கும். இவற்றில் பல, வீரர் வீடு திரும்பிய பிறகே உருவாயின. போர்க்கைதிப் பதக்கத்துக்கான சட்டம் 1985-இல்தான் வந்தது. ஆனால் 1917 ஏப்ரல் 5-க்குப் பிறகு சிறைப்பட்டவர்களுக்கும் அது பொருந்தும். கொரியப் போரில் இருந்தவர்களுக்குக் கொரியக் குடியரசு தர முன்வந்த போர்ச் சேவைப் பதக்கத்தை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1999-இல். வியட்நாமில் இருந்த தரைப்படைப் பிரிவுகளுக்கு அந்நாட்டின் வீரச் சிலுவைப் பாராட்டைப் பொதுவாக வழங்கும் ஆணை 1974-இல் வெளிவந்தது. 1970-இல் விடுவிக்கப்பட்டவரின் தாளில் அது எப்படி இருக்கும்?

இந்த வகையில் நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 7 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்தில், காலாட்படைப் போர் பேட்ஜோ மருத்துவப் போர் பேட்ஜோ பெற்ற தரைப்படை வீரர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் உண்டு என்று 1947-இல் முடிவாயிற்று. ஆனால் அதற்குள் இலட்சக்கணக்கானோர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதக்கத்தை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். விண்ணப்பிக்க வேண்டும் என்றே தெரியாமல் பலர் மறைந்தார்கள். எங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவர். இழுப்பறையில் கிடந்த அந்த நீலப் பட்டை பேட்ஜுக்கு அப்படி ஒரு பொருள் உண்டு என்பது எங்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. உங்கள் வீட்டுத் தாளின் 31-ஆம் கட்டத்தில் அந்த பேட்ஜின் பெயர் இருந்தால், இதை இன்றே கேட்கலாம்.

இரண்டாம் வகை, ஆணை பிறந்தும் தாளில் ஏறாதவை, அல்லது நிகழ்வுக்குச் சான்று இருந்தும் வழங்கப்படாதவை. போரில் காயப்பட்டவர்களுக்குத் தரும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் பெரும்பாலும் இங்கேதான் வரும். எதிரியின் செயலால் காயம் பட்டது, மருத்துவர் சிகிச்சை அளித்தார், அந்தச் சிகிச்சை பதிவாயிற்று என்ற மூன்றையும் காட்ட வேண்டும். போர்முனையில் காலில் பனி கடித்ததும், ஜீப் கவிழ்ந்து எலும்பு முறிந்ததும் துன்பம்தான். ஆனால் அவற்றை இந்தப் பதக்கத்துக்கான காயமாக இன்றைய விதிகள் ஏற்பதில்லை.

மூன்றாம் வகை, அவர் செய்த வீரச் செயலுக்கு யாரும் பரிந்துரையே எழுதாதவை. இதற்குத் தனி வழி இருக்கிறது. கடினமான வழி.

யார் கேட்கலாம்

வீரர் மறைந்துவிட்டால் பதிவுகளை அவருடைய நெருங்கிய உறவினர் கேட்கலாம். மறுமணம் செய்துகொள்ளாத துணைவர், மகன், மகள், தாய், தந்தை, உடன்பிறந்தவர் ஆகியோரை அப்படிக் கருதுகிறார்கள். பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டவர் மூத்த மகளான என் மாமியார். படிவங்களை நிரப்பியது மட்டுமே நாங்கள்.

வீரர் பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்துவிட்டால் கோப்பு ஆவணக் காப்பகத்தின் பொதுச் சொத்தாகிவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி நகல் வாங்கலாம். ஐந்து பக்கம் வரையிலான வழக்கமான கோப்புக்கு 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர். 62 ஆண்டுகள் ஆகாத கோப்பு நெருங்கிய உறவினருக்கு இலவசம். நகல் வாங்குவது வேறு, பதக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமை வேறு என்பதை மறக்க வேண்டாம். தரைப்படையில் அந்த உரிமை துணைவர், மூத்த பிள்ளை, பெற்றோர், மூத்த உடன்பிறந்தவர், மூத்த பேரப்பிள்ளை என்ற வரிசையில் இறங்குகிறது.

இறப்புச் சான்றிதழின் நகலையும் உறவைக் காட்டும் சான்றையும் பத்துப் பிரதிகளாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அலுவலகமும் புதிதாகக் கேட்கும்.

கோப்பை வரவழைத்தல்

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் தேசியப் பணியாளர் பதிவு மையம் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் ஒரு கிளை அது. ‘எஸ்எஃப் 180’ என்ற படிவத்தை நிரப்பி அஞ்சலில் அனுப்பலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். வீரரின் முழுப் பெயர் அன்று எழுதியபடியே, பணி எண், பிறந்த தேதி, எந்தப் படை, எந்த ஆண்டுகள் என்பவை தேவை. பழைய வீரர்களைப் பொறுத்தவரை பணி எண்தான் திறவுகோல். அது தெரியாவிட்டால் ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள். 1938 முதல் 1946 வரை தரைப்படையில் சேர்ந்தவர்களின் விவரங்கள் அங்கே இலவசமாக இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் போர்க்கைதிப் பட்டியலும் அதே இடத்தில் உண்டு.

படிவத்தில் விடுவிப்புச் சான்றை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். முழுக் கோப்பையும் கேளுங்கள். விருதுக்கான ஆணையின் நகலோ, இடமாற்றக் குறிப்போ, மருத்துவமனையில் சேர்த்த வரியோ கோப்பின் நடுவில் எங்கோ ஒரு மங்கிய தாளில்தான் இருக்கும்.

தீயில் போன கோப்புகள்

1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 16 முதல் 18 மில்லியன் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில், அகர வரிசையில் ‘ஹப்பர்ட்’ என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் 75 சதவீதம். நகல்கள் எடுத்து வைக்கப்படவில்லை. எவை எரிந்தன என்று சொல்ல அட்டவணையும் கிடையாது. கடற்படை, மரைன் படைக் கோப்புகள் அந்தத் தீயில் சிக்கவில்லை.

எங்களுக்கு வந்த முதல் பதில் இந்தத் தீயைப் பற்றியதுதான். என் மாமியார் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அப்பாவே இதை வேண்டாம் என்று நினைத்திருப்பார் போலும் என்றார். பல குடும்பங்கள் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன. கைவிட வேண்டாம். எரிந்தது அவருடைய பணியாளர் கோப்பு ஒன்றுதான். ஒரு படைவீரன் நடந்த இடமெல்லாம் வேறு தாள்களிலும் அவன் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாள்கள் வேறு கட்டடங்களில், வேறு அடுக்குகளில் இருந்தன.

தேட வேண்டிய இடங்களைப் பயனுள்ள வரிசையில் சொல்கிறேன்.

ஊர்க் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பகுதி) அலுவலகம். போர் முடிந்து திரும்பியவர்கள் பலர் தங்கள் விடுவிப்புச் சான்றை, நிலப் பத்திரம் பதிவது போல, கவுன்ட்டி பதிவாளரிடம் பதிந்து வைத்தார்கள். தாத்தாவின் 53-55 படிவம் எங்களுக்குக் கிடைத்தது அங்கேதான். 1945-இல் அவர் எந்தக் கவுன்ட்டியில் குடியிருந்தார் என்று கண்டுபிடித்து அங்கே கேளுங்கள். இப்போது குடும்பம் இருக்கும் ஊரில் கேட்டால் கிடைக்காது.

இறுதி ஊதியச் சீட்டு. விடுவிக்கும் நாளில் தந்த கடைசிச் சம்பளத்தின் ரசீது இது. பணியாளர் கோப்பு எரிந்தவர்களுக்குப் பதிவு மையம் பெரும்பாலும் இதை வைத்துத்தான் பணியை உறுதி செய்து சான்றளிக்கிறது. பணி எண்ணும் தேதிகளும் இதில் இருக்கும். விருதுகள் இருக்காது.

காலை அறிக்கைகள். தரைப்படையில் ‘கம்பெனி’ எனப்படும் ஒவ்வொரு சிறு பிரிவும் தன் ஆட்களில் அன்று யார் வந்தார், யார் போனார், யார் காயப்பட்டார், யார் மருத்துவமனைக்குச் சென்றார் என்று எழுதிய ஒருபக்கத் தாள். எந்த மாற்றமும் இல்லாதவரின் பெயர் அதில் வராது. மாற்றம் இருந்தால் வந்தே தீரும். கம்பெனியின் சரியான பெயரையும் மாதத்தையும் சொன்னால்தான் தேட முடியும். படையணி, ரெஜிமென்ட் பெயர் மட்டும் போதாது. வீட்டுக்கு வந்த பழைய கடிதங்களின் உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். உறையின் மூலையில் அனுப்புநர் முகவரியாகக் கம்பெனியின் எழுத்து இருக்கும். தாத்தாவின் கம்பெனி எங்களுக்குத் தெரிந்தது அப்படி ஓர் உறையால்.

மருத்துவமனை அட்டைகள். தலைமை மருத்துவர் அலுவலகம் 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் தொகுத்த சேர்க்கைக் குறிப்புகள் எஞ்சியுள்ளன. அவற்றில் வீரர்களின் பெயர் கிடையாது, பணி எண் மட்டும்தான். காயத்துக்குக் காரணம் என்ன, உடலில் எந்த இடம், எந்த மாதம் சேர்ந்தார் என்பவை இருக்கும். எங்களுக்கு வந்த வரியில் பீரங்கிக் குண்டுச் சிதறல், தோள் என்று இருந்தது. என் மாமியார் அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார். எழுபது ஆண்டுகளாகக் குடும்பம் அறிந்திருந்த ஒன்றை முதல்முறையாக ஓர் அரசுத் தாள் சொன்னது.

பொது ஆணைகள். விருது வழங்கும் ஆணைகள் தொகுப்பாக அச்சிடப்பட்டன. அவற்றில் பல மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் உள்ள ஆவணக் காப்பகத்தில், படைப்பிரிவு வாரியாக இருக்கின்றன. பர்ப்பிள் ஹார்ட்டைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர் சேர்ந்த மருத்துவமனையே அந்த விருதுக்கான ஆணையைப் பிறப்பித்ததுண்டு. எனவே அவருடைய படைப்பிரிவின் ஆணைகளில் பெயர் இல்லை என்றால் மருத்துவமனையின் ஆணைகளையும் பாருங்கள்.

இவை தவிர, அவர் எப்போதாவது காயத்துக்கான உதவித்தொகை கேட்டிருந்தால், முன்னாள் படைவீரர் துறையில் ஒரு கோப்பு இருக்கும். அதில் விடுவிப்புச் சான்றும் மருத்துவக் குறிப்புகளும் சேர்ந்திருக்கலாம். பழைய ஊர்ச் செய்தித்தாளில் ‘காயமடைந்தார்’ என்று ஒரு பத்தி, வீட்டுக்கு வந்த தந்தி, சீருடையில் பட்டைகளோடு எடுத்த படம் எல்லாம் துணைச் சான்றுகள். தனியே எதுவும் போதாது. ஒன்றின் தேதி இன்னொன்றோடு பொருந்தும்போது அவற்றுக்கு எடை கூடுகிறது.

எளிய கதவு: நிர்வாக வழித் திருத்தம்

முதல் வகை விருதுகளுக்கு வாரியம், வழக்கறிஞர் எதுவும் தேவையில்லை. செயின்ட் லூயிஸ் மையத்துக்கே எழுதுங்கள். தரைப்படை வீரர் என்றால் மையம் உரிமையைச் சரிபார்த்து, பதக்கங்களை அனுப்பும் அலுவலகத்துக்குத் தகவல் தரும். சிக்கலான கேள்விகள் கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள தரைப்படை மனிதவள ஆணையகத்தின் விருதுப் பிரிவுக்குப் போகும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் பின்னால் உள்ள அலுவலகங்கள் வேறு. தொடங்கும் இடம் அதே மையம்தான். இரண்டாம் உலகப் போரில் தரைப்படையின் வான்பிரிவில் பறந்தவர்களுடைய பதக்க விண்ணப்பங்களை இப்போது விமானப்படை கவனிக்கிறது.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். விருதின் பெயர், அது ஏன் உரியது என்று ஒரே வாக்கியம், அதற்கு ஆதாரமான தாளின் நகல். எங்கள் இரண்டாவது கடிதம் இப்படித்தான் இருந்தது: ‘31-ஆம் கட்டத்தில் காலாட்படைப் போர் பேட்ஜ் குறிக்கப்பட்டுள்ளது. 1947-இன் முடிவுப்படி வெண்கல நட்சத்திரப் பதக்கம் கோருகிறோம்.’ நான்கு பக்கம் உருகி எழுதிய முதல் கடிதத்துக்குக் கிடைக்காத பதில் இதற்குக் கிடைத்தது.

டிடி 214-இல் திருத்தம் ஏற்கப்பட்டால் பழைய தாளை அடித்துப் புதிதாக எழுதித் தர மாட்டார்கள். ‘டிடி 215’ என்ற திருத்தத் தாள் வரும். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். பிற நாட்டு அரசுகள் தந்த பதக்கங்கள் சில பதிவில் ஏறும், ஆனால் பொருளாக அனுப்பப்படாது. வியட்நாம் குடியரசின் போர்ப் பதக்கம் அப்படிப்பட்டது. அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கடின கதவு: பதிவுத் திருத்த வாரியம்

நிர்வாக வழியில் ‘சான்று போதாது’ என்று பதில் வந்தால், அடுத்தது படைப் பதிவுத் திருத்த வாரியம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 1552-ஆம் பிரிவு இதற்கு அதிகாரம் தருகிறது. பதிவில் உள்ள பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் குடிமக்களைக் கொண்டு அமைக்கப்பட்ட வாரியம் இது. தரைப்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன் படைக்கும் சேர்த்து ஒன்று. கடலோரக் காவல் படைக்கும் தனி வாரியம் உண்டு. விண்ணப்பப் படிவம் ‘டிடி 149’. மறைந்தவருக்காக வாரிசோ சட்டப் பிரதிநிதியோ விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

மூன்று ஆண்டுக் காலவரம்பைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பிழையைக் கண்டறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். எந்தத் தேதியில், எந்தத் தாள் கைக்கு வந்தபோது பிழை தெரிந்தது என்று குறிப்பாக எழுதுங்கள்.

வாரியம் எப்படி நினைக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. அன்றைய படை அலுவலர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள் என்ற அனுமானத்தோடுதான் அது தொடங்கும். அந்த அனுமானத்தை அசைக்கும் பொறுப்பு நம்முடையது. ‘இருந்திருக்கலாம்’ என்று காட்டினால் போதாது, ‘இல்லை’ என்பதைவிட ‘நடந்தது’ என்பதற்கே எடை கூடுதல் என்று காட்ட வேண்டும். நேரில் வாதாடும் உரிமை கிடையாது. பெரும்பாலான விண்ணப்பங்கள் தாள்களை மட்டும் பார்த்தே முடிவாகின்றன. எனவே தாள்கள்தான் நமக்காகப் பேச வேண்டும்.

ஒரு மேலுரைக் கடிதம் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் கேட்பதைச் சொல்லுங்கள்: இன்ன படிவத்தின் இன்ன கட்டத்தில் இன்ன விருதைச் சேர்க்க வேண்டும். அடுத்து, தேதி வரிசையில் நிகழ்வுகள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் பக்கத்தில் இணைப்பு எண். காலை அறிக்கை இணைப்பு 3, மருத்துவமனை அட்டை இணைப்பு 4 என்பது போல. இறுதியில் இவை எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று ஒரு பத்தி. எங்கள் மனுவின் உயிர் அந்தப் பத்தியில்தான் இருந்தது. காலை அறிக்கை அவர் கம்பெனியை விட்டு மருத்துவமனைக்குப் போனதைச் சொன்னது. அதே மாதத்தில் அதே பணி எண் கொண்ட ஒருவரைக் குண்டுச் சிதறல் காயத்துடன் மருத்துவமனை சேர்த்தது. புள்ளிக் கணக்கில் 5 மிகுந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘இல்லை’ என்ற 34-ஆம் கட்டம்தான் பிழை என்பது தெளிவாயிற்று.

உடன் போரிட்டவர் யாராவது உயிரோடிருந்தால், அவருடைய சாட்சியத்தை உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். தான் நேரில் கண்டதை மட்டும் அவர் தம் சொற்களில் சொல்லட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். குடும்பத்தாரின் நினைவுகளையும் இணைக்கலாம், ஆனால் போர்முனையில் இல்லாதவர்களின் சொல்லுக்கு எடை குறைவு. அசல் எதையும் அனுப்பாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. வாரியங்களின் பழைய தீர்ப்புகள், பெயர்கள் நீக்கப்பட்டு, இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. உங்கள் வழக்கைப் போன்ற பத்துத் தீர்ப்புகளைப் படியுங்கள், மறுக்கப்பட்டவற்றையும் சேர்த்து. எந்தத் தாள் வாரியத்தின் மனத்தை மாற்றியது, எது இல்லாமல் தோற்றார்கள் என்பது அவற்றில் தெளிவாக இருக்கும். எங்களுக்கு எந்த ஆலோசகரும் தராத பயிற்சியை அவை தந்தன. கட்டணம் கேட்டு உதவ வருபவர்கள் உண்டு. படிவங்கள் இலவசம், விண்ணப்பிப்பதும் இலவசம் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். விண்ணப்பங்களில் 90 சதவீதத்தைப் பத்து மாதங்களுக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதங்களுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மறுத்துவிட்டாலும் கதை முடிவதில்லை. முன்பு காட்டாத புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதே தாள்களை உரத்த குரலில் மறுபடி அனுப்புவதால் மட்டும் பயனில்லை.

பரிந்துரையே எழுதப்படாத வீரம்

வெள்ளி நட்சத்திரம் போன்ற வீர விருதுகளுக்குப் பரிந்துரை உரிய காலத்துக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். காலம் கடந்தவற்றுக்கு, 10-ஆம் தலைப்பின் 1130-ஆம் பிரிவு ஒரு வழி திறக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகப் பரிந்துரையை அனுப்பினால், காலவரம்பைக் காட்டித் தள்ளிவிடாமல், படைத் துறை அதன் தகுதியைப் பரிசீலித்து எழுத்தில் பதில் தர வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர் விவகாரங்களைக் கவனிக்கும் ஊழியர் இருப்பார். அவரிடம் தொடங்குங்கள்.

பரிந்துரையைக் குடும்பம் எழுத முடியாது. நிகழ்வை நேரடியாக அறிந்தவர், குறிப்பாக அன்றைய மேலதிகாரிகளில் ஒருவர், எழுத வேண்டும். நேரில் கண்டவர்களின் உறுதிமொழிச் சாட்சியங்களும் வேண்டும். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கு இது அநேகமாக மூடிக்கொண்டிருக்கும் கதவு. வியட்நாம் வீரரின் பிள்ளையாக இருந்தால் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். அப்பாவின் பிளட்டூனில், அதாவது அவருடைய சிறு படைக்குழுவில், இருந்தவர்கள் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். தாளை அடுத்த ஆண்டும் தேடலாம். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

பதிவு திருந்திய பிறகு

எங்களுக்கு வாரியத்தின் தீர்ப்பு வந்தது ஒரு சாதாரண அஞ்சல் உறையில். பதக்கங்கள் பிறகு தனியே வந்தன. வந்தவற்றைச் சட்டமிட்டு மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முன்னாள் படைவீரர் துறை தரும் கல்லறைக் கல்லில் வீர விருதுகளையும் பர்ப்பிள் ஹார்ட்டையும் பொறிக்கக் கேட்கலாம். அதற்கு ஆதாரமான தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இன்னும் கல் கேட்காத குடும்பமானால், முதலில் பதிவைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். வாரியத்தின் முடிவையும் திருத்தத் தாளையும் செயின்ட் லூயிஸ் கோப்பில் சேர்க்கிறார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நகலை, அவர் அன்று பதிந்து வைத்த அதே கவுன்ட்டி அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். 1945-இல் தாத்தா வேலைக்குப் போகும் வழியில் நின்று தன் சான்றைப் பதிந்த அலுவலகத்தில், என் மாமியார் வரிசையில் நின்று இந்தத் தாளைப் பதிந்தார். பதிவாளர் தேதி முத்திரை குத்தி, பழைய தாளின் பக்க எண்ணைப் புதிய தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.